கேளுங்க ஆச்சி: வளவுத் தண்ணி எங்கே போகுது?

போன மாதம் இந்தப் பக்கத்தின் கடைசியில் இடம் மிச்சம் இருந்ததால், "அடுத்த தடவை தண்ணீர், குப்பை பற்றிக் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டுவைத்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை, பலகாரக் குறிப்புக்குக்கூட இப்படி வந்ததில்லை. பாதிக் கடிதம் சந்தேகம், மீதிப் பாதி வீட்டு ஆட்கள் மேல் புகார். ஒரே மாதிரி வந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்களுக்குத் தேவகோட்டையில் இரண்டு கட்டு வீடு. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், நானும் அவுகளும் மட்டும்தான். மழை பெய்தால் வளவு வாசலில், அதாவது நடு முற்றத்தில், விழுகிற தண்ணீர் அத்தனையும் தெருச் சாக்கடைக்குப் போகிறது. பின்கட்டுக் கிணறோ சித்திரையில் தரை தட்டிவிடுகிறது. அதிகச் செலவில்லாமல் ஏதாவது செய்ய முடியுமா ஆச்சி?
(தேவகோட்டை வாசகி)

பதில்: முடியும், அதுவும் உங்கள் வீட்டில் பாதி வேலையைக் கட்டினவர்களே முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுக்கூரை உள்பக்கம் சரிந்து வளவைப் பார்த்து நிற்பது காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மட்டும் இல்லை, நாலு பக்கத் தண்ணீரும் ஒரே இடத்தில் வந்து இறங்குவதற்கும்தான். எங்கள் அப்பத்தா காலத்தில் மழை இருட்டிக்கொண்டு வந்தாலே அண்டாவையும் கிடாரத்தையும் வளவு வாசலுக்கு இழுத்துவிடுவார்கள். நிரம்பினது போக மீதி, தூம்பு என்கிற வடிகால் வழியாகக் கொல்லைக்குப் போகும். அந்தத் தூம்பைத்தான் பிற்பாடு யாரோ ஒரு கொத்தனார் கிட்ட இருக்கிறதே என்று தெருச் சாக்கடையோடு சேர்த்துவிடுகிறார். எங்கள் வீட்டிலும் அதே கதை. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் 2003இல் கட்டாயமாக்கினார்களே, அப்போது நாங்களும் அவசர அவசரமாக ஒரு குழாய் பதித்தோம். பத்து வருஷம் கழித்துத் தரையைத் தோண்டினபோதுதான் தெரிந்தது, அந்தக் குழாய் எதிலும் போய்ச் சேரவில்லை, மண்ணுக்குள் முடிந்து அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் முதல் வேலையாக, மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் எங்கே போகிறது என்று கடைசி வரைக்கும் போய்ப் பாருங்கள். இதற்குக் காசு செலவே இல்லை.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரை என்பது சுமார் 93 சதுர மீட்டர், அதில் 10 மில்லிமீட்டர் மழை, அதாவது ஒரு நடுத்தரமான மழை பெய்தாலே 930 லிட்டர் விழுகிறது. ஓடு குடித்தது, தெறித்தது, சிந்தினது எல்லாம் கழித்து எண்பது சதவீதம் என்று வைத்தாலும் 740 லிட்டருக்கு மேல் கைக்கு வரும். உங்கள் கூரை ஆயிரம் சதுர அடியோடு நிற்காது என்று எனக்குத் தெரியும்.

தூம்பிலிருந்து கிணற்றடிக்கு ஒரு குழாய், வழியில் மூன்றடிக்கு மூன்றடியில் ஒரு தொட்டி, தொட்டியில் அடியில் பெரிய கல், அதன்மேல் சல்லி, எல்லாவற்றுக்கும் மேலே ஆற்று மணல், இவ்வளவுதான் வேலை. தொட்டியின் அடியிலிருந்து கிணற்றுக்கு இன்னொரு குழாய் போகும், அதன் வாயில் வலை கட்டுங்கள். புரட்டாசி முடிவதற்குள் மேல் மணலை அள்ளி அலசிப் போட்டுவிட வேண்டும், ஐப்பசியில் ஞாபகம் வந்தால் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் முதல் மழை கூரையைக் கழுவட்டும், அதைக் கிணற்றில் விடாமல் கொல்லைக்குத் திருப்பிவிட ஒரு திருகு வைத்துக்கொள்ளுங்கள். புறா அடைகிற வீடாக இருந்தால் அதற்குப் பிறகு வருகிற தண்ணீரைக் கிணற்றில் விட்டுப் புழங்கலாம், ஆனால் அண்டாவில் பிடித்து அப்படியே குடிக்கிற பழைய பழக்கம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: என் மாமியார் எதையும் தூக்கிப்போட விடமாட்டார். காய் கழுவின தண்ணீர் தனி வாளி, தோல் தனி, பால் கவரைக் கழுவிக் காயவைக்க வேண்டும், துணிப்பையைத் துவைக்க வேண்டும். நல்ல விஷயம்தான், ஆனால் நான் வேலைக்கும் போகிறேன். இரவு பத்து மணிக்குப் பால் கவர் கழுவும்போது அழுகையே வருகிறது.
(காரைக்குடி வாசகி)

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் மாமியார் சொல்வதில் தப்பில்லை, நீங்கள் அழுவதிலும் தப்பில்லை. "அந்தக் காலத்தில் ஒரு சொட்டு வீணாகாது" என்று நாமெல்லாம் பெருமையாகப் பேசுகிறோமே, அதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஊருணியில் இறங்கித் தண்ணீர் மொண்டு இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று என்று சுமந்து வந்தது யார்? எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே முதுகு வளைந்துவிட்டது. தண்ணீரைக் குறைத்துப் புழங்கினதற்குக் காரணம், ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு நடை இருந்தது, அந்த நடை பெரும்பாலும் பெண்பிள்ளைகளின் நடை. ஆண்கள் திண்ணையில் இருந்தார்கள். சில வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள்.

என் அனுபவத்தில், ஒரே ஆள் தலையில் ஏறின எந்தப் பழக்கமும் மூன்று வாரத்துக்கு மேல் நிற்காது. அதனால் இப்படிச் செய்து பாருங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை வேலை, ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது. பால் கவர் உங்கள் வீட்டுக்காரருக்கு: வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டிக்காமல் கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டி, கவருக்குள்ளேயே கால் தம்ளர் தண்ணீர் விட்டு அலசி அதைப் பால் பாத்திரத்திலேயே ஊற்றிவிட்டால் கழுவுகிற வேலை தனியாக இல்லை, கொடியில் ஒரு கிளிப்பில் மாட்டினால் காலையில் காய்ந்திருக்கும். தோல் வாளி மாமியாருக்கு, அவருக்குத்தானே ஆசை. துணிப்பை பிள்ளைகளுக்கு. உங்களுக்கு ஒன்றே ஒன்று, எது பிடிக்கிறதோ அது. யாராவது ஒருவர் தன் வேலையைச் செய்யாமல் விட்டால் அது அப்படியே கிடக்கட்டும், நீங்கள் எடுத்துச் செய்யாதீர்கள். இது கஷ்டம், எனக்கும் வராது, ஆனால் வேறு வழி தெரியவில்லை.

கேள்வி: மண்பானையில் ஓட்டை போட்டுக் காய்கறித் தோலைப் போட்டு வருகிறேன். இருபது நாளில் நாற்றம், உள்ளே வெள்ளைப் புழு. பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். நிறுத்திவிடலாமா?
(புதுவயல் வாசகர்)

பதில்: நிறுத்த வேண்டாம், சருகு போடுங்கள். இந்தக் கேள்வி மட்டும் ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள், ஒன்பது பேரும் செய்கிற தப்பு ஒன்றுதான்: ஈரத்தை மட்டும் போடுவது. தோலிலும் வாழைப்பழத்திலும் தண்ணீர்தான் அதிகம், காற்றுப் போக இடமில்லாமல் பிசைந்துகொண்டு அழுகுகிறது, அழுகினால் நாறும். ஒரு கை ஈரக் கழிவு போட்டால் இரண்டு கை காய்ந்தது போட வேண்டும். நம் ஊரில் சருகுக்கா பஞ்சம்? கொல்லை கூட்டினதைக் கொளுத்துகிறோமே, அதை ஒரு சாக்கில் கட்டிப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். தேங்காய் நாரைப் பிய்த்துப் போடலாம், பழைய நாளிதழைக் கிழித்துப் போடலாம். மேலாக எப்போதும் சருகுதான் தெரிய வேண்டும், தோல் கண்ணில் படக்கூடாது. வாரத்துக்கு ஒரு முறை குச்சியால் கிளறிவிட்டு, புளித்த மோர் இருந்தால் ஒரு கரண்டி தெளியுங்கள்.

பானையைத் தூக்கி இரண்டு செங்கல் மேல் வையுங்கள், அடி ஓட்டை அடைத்துக்கொண்டால் என்ன செய்தாலும் நாறும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ கொழுத்த புழு இருந்தால் பயப்படாதீர்கள், அவை கழிவைத் தின்று வேலையைச் சீக்கிரம் முடிப்பவை, கடிக்காது, நோய் கொண்டுவராது, சருகு அதிகமானால் தானே குறைந்துவிடும். கறி, மீன், எலும்பு, ஊறுகாய், எண்ணெய் வழிகிற குழம்பு, இவற்றைப் பானையில் போடாதீர்கள். போட்டால் எலி வரும், எலி வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் நியாயம். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து உதிரியாகி மழை பெய்த மண் வாசம் வரும், அதுவரை சண்டைக்கு வருகிறவருக்குக் கொல்லையில் காய்த்த முருங்கைக்காயைக் கொடுத்துச் சமாளியுங்கள்.

கேள்வி: தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் வாங்கினோம். ஒரு குழாயில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் வேண்டாத தண்ணீர் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.
(கோட்டையூர் வாசகி)

பதில்: ஆர்.ஓ. மெஷின் என்றால் அப்படித்தான், ஒரு லிட்டர் குடிக்கக் கொடுத்தால் சாதாரணமாக இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு இருபது லிட்டர் என்றால் நாற்பதிலிருந்து அறுபது லிட்டர் சிங்கில் போகிறது. ஆனால் நான் கேட்க நினைக்கிறது வேறு: உங்கள் தண்ணீருக்கு அந்த மெஷின் தேவையா? டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவை அளக்கிற பேனா மாதிரி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் உப்பை எடுக்கிற வேலையே இல்லை, கிருமிக்குக் கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதும். உப்பைத் தவிர வேறு ஏதாவது இருக்குமோ என்று சந்தேகமிருந்தால் மட்டும் ஒரு தடவை பரிசோதனைச் சாலையில் கொடுத்துப் பாருங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசுகிற காரைக்குடிப் பக்கத்திலேயே எத்தனையோ வீடுகளில் அளந்து பார்க்காமல் மெஷினை மாட்டிவிட்டு, அப்புறம் தண்ணீரில் ருசியே இல்லை என்கிறார்கள்.

தேவைதான் என்றால், கழிவுக் குழாயை ஒரு மூடியுள்ள வாளியில் விடுங்கள். பாத்திரத்தின் முதல் அலசலுக்கு, கழிப்பறைக்கு, வண்டி கழுவ ஆகும். செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள், மண்ணில் உப்புச் சேரும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் அதில் துடைக்காதீர்கள், வெள்ளை வெள்ளையாகப் படியும். சொல்லும்போதே இன்னொன்று: அந்தக் கல் சிமெண்டில் செய்தது, ஆசிட் பட்டால் பூ அழிந்துவிடும். நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தாலே பளபளக்கும், வாளி வாளியாகக் கொட்டிக் கழுவுகிற தரை இல்லை அது.

கேள்வி: ஷவரில் குளிக்கக்கூடாது, ஒரு வாளிதான் என்று என் மனைவி சட்டம் போட்டிருக்கிறாள். ஷவரில் அப்படி என்ன பெரிதாகச் செலவாகிவிடப் போகிறது? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.
(திருப்பத்தூர் வாசகர்)

பதில்: தீர்ப்பு உங்களுக்கு எதிராகத்தான் வரும், ஆனால் என் வாயால் வேண்டாம், நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஷவருக்கு அடியில் வாளியை வைத்து எத்தனை நிமிஷத்தில் நிரம்புகிறது என்று மணி பாருங்கள். சாதாரண ஷவரில் நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் ஓடும், பத்து நிமிஷம் நின்று பாட்டுப் பாடினால் நூறு லிட்டர். வாளி என்பது பதினைந்து, மிஞ்சினால் இருபது. உங்களுக்கு ஒரு சலுகை வேண்டுமானால் தருகிறேன்: நனைத்துவிட்டு மூடுங்கள், சோப்புப் போட்டுவிட்டுத் திறங்கள், மொத்தம் இரண்டு நிமிஷம். ஷவர் முகம் பல் முளைத்த மாதிரி உப்புப் பிடித்திருந்தால் புளித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். கழிப்பறைத் தொட்டி பழைய மாதிரியா? தண்ணீர் நிரப்பி மூடின ஒரு லிட்டர் பாட்டிலை உள்ளே நிறுத்திவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல்லைப் போடாதீர்கள், கரைந்து அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஐயாவுக்கும் ஆயாவுக்கும் அறுபதாம் கல்யாணம் வருகிறது. ஊரில் எங்கள் பழைய வீட்டிலேயே வைக்கிறோம். போன வருஷம் பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் பிறகு தெரு முழுக்கக் குட்டித் தண்ணீர் பாட்டிலும் காகிதக் கப்பும் கிடந்தது. அது மாதிரி ஆகக்கூடாது. ஆனால் எல்லோரும் "சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்" என்கிறார்கள்.
(கானாடுகாத்தான் வாசகி)

பதில்: உனக்குத்தான் தெரிந்திருக்கிறது ஆத்தா. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றினது உங்கள் வீட்டு உள்ளறைதான். அங்கே பித்தளைத் தம்ளரும் எவர்சில்வர் தட்டும் மங்குச் சாமானும் நூறு நூறாகக் கட்டிப்போட்டுக் கிடக்கும், வெளியே வாசலில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பாட்டில் இறங்கும். இந்த வேடிக்கையை நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

முதலில் காகிதக் கப். அது காகிதம் இல்லை, உள்பக்கம் பிளாஸ்டிக் பூசினது, அதனால்தான் காப்பி ஒழுகாமல் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பட்டியலில் அதுவும் இருக்கிறது, மேசையில் இலைக்கு அடியில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் தண்ணீர்ப் பாக்கெட்டும் இருக்கின்றன. பெரியவர்கள் கேட்காவிட்டால் சட்டத்தைச் சொல், கேட்பார்கள். பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை, அதை நீதான் சண்டை போட்டு நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு வழி: பந்தியில் செம்பு, தம்ளர், வெளியே நாலு இடத்தில் குழாய் வைத்த அண்டா. ஒவ்வொரு அண்டாவுக்கும் ஒரு ஆளை நிறுத்து, தம்ளர் தீர்ந்துபோனால்தான் சனம் பாட்டில் கேட்கும்.

தம்ளர் கழுவத் தண்ணீர் செலவாகாதா என்று ஒரு சித்தப்பா கட்டாயம் கேட்பார். ஆகும், குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழுவினால் நிறையவே ஆகும். மூன்று அகலமான அண்டா வரிசையாக வை. முதலாவதில் சோப்பு, இரண்டாவதில் சோப்புப் போக முக்கி எடுப்பது, மூன்றாவதில் சுத்தமான சுடுதண்ணீர். முதல் அண்டா அழுக்கானால் கொட்டிவிட்டு இரண்டாவதை முதலாவது ஆக்கு. சமையல்காரர்களுக்கு இது தெரியும், நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சாப்பாடு வீணாவதுதான் இருப்பதிலேயே பெரிய குப்பை. நம்மவர்கள் எத்தனை புள்ளி என்று குடும்பத்தை எண்ணுவார்கள், புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு புள்ளி, அதைப் பிள்ளைகளோடு பெருக்கிச் சமையலுக்கு ஆள்கணக்குச் சொல்லும்போது "எதற்கும் இருக்கட்டும்" என்று ஐம்பது கூட்டிச் சொல்வார்கள், சமையல்காரர் தன் பங்குக்கு இன்னொரு ஐம்பது கூட்டிக்கொள்வார். யாராவது ஒருவர்தான் கூட்ட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடு. இலையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டாமல், கேட்டுக் கேட்டு இரண்டாம் தடவை வைக்கச் சொல். எச்சில் இலையைப் போடுகிற இடத்தில் ஒரு பையனை உட்காரவை, இலையோடு பிளாஸ்டிக் சேரக்கூடாது, மாடு இலையோடு அதையும் சேர்த்துத்தான் தின்னும்.

தாம்பூலத்துக்குப் பனையோலைக் கொட்டான் கொடுக்கலாம், நம் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, ஆனால் முடைய நாளாகும், இப்போதே சொல்லிவைக்க வேண்டும், விலையும் கூட. முடியாவிட்டால் மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசாங்கம் "மீண்டும் மஞ்சப்பை" என்று ஆரம்பித்த பிறகு அதைக் கையில் பிடிக்கிற கூச்சம் போய்விட்டது. பையில் கல்யாணத் தேதியைப் பெரிதாக அச்சடிக்காதீர்கள், சின்னதாக ஓரத்தில் போட்டால்தான் வாங்கினவர்கள் கடைக்கு எடுத்துப் போவார்கள். உன் ஐயாவுக்கும் ஆயாவுக்கும் என் நமஸ்காரம்.

கேள்வி: துணி துவைத்த தண்ணீரைச் செடிக்கு விடலாமா?
(பள்ளத்தூர் வாசகர்)

பதில்: வாழைக்கும் கல்வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். கீரைக்கு விடாதீர்கள், அப்படியே பறித்துச் சாப்பிடுகிற எதற்கும் விடாதீர்கள், எலுமிச்சைக்கும் பிடிக்காது. பிளீச்சிங் போட்ட அன்றைக்குச் சாக்கடைக்கே போகட்டும், கைக்குழந்தைத் துணி அலசினதும் அப்படியே. மெஷினில் முதல் தண்ணீரில்தான் சோப்பு முழுக்க இருக்கிறது, கடைசி அலசல் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவு, அதைப் பிடித்து அடுத்த லோடுக்கு முதல் தண்ணீராகவே ஊற்றலாம். முக்கியமாக அன்றன்றைக்கே விட்டுவிடுங்கள். ஒரு நாள் வாளியில் நின்றாலே நாறும், கொசுவும் வரும். ஒரே மரத்துக்குத் தினமும் விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள், நடுவில் நல்ல மழை பெய்தால் சேர்ந்த உப்பு கழுவிப் போய்விடும்.

கேள்வி: அரிசி களைந்த தண்ணீரை என்ன செய்வது? எங்கள் வீட்டில் மாடு இல்லை.
(சென்னையிலிருந்து ஒரு கண்டனூர்ப் பெண்)

பதில்: கண்டனூர்ப் பெண் இதைக் கேட்கலாமா! மண்டி வையுங்கள். முதல் தடவை களைந்ததைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, இரண்டாவது தடவை களைந்த கெட்டித் தண்ணீரில் புளியைக் கரைத்து வெண்டைக்காயோ மொச்சையோ போட்டால் மண்டி. உங்கள் ஆயா வீட்டில் மாட்டுக்குக் கழனிப்பானையில் போனது முதல் தண்ணீர்தான், இரண்டாவது அடுப்புக்குப் போனது. கரைத்த புளிச்சக்கையையும் எறியாதீர்கள், குத்துவிளக்கு தேய்க்க அதைவிட நல்ல பொடி கடையில் இல்லை.

கேள்வி: தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெய் ஒன்றரை லிட்டர் மிச்சம். சிங்கில் ஊற்றலாமா?
(கொத்தமங்கலம் வாசகி)

பதில்: ஊற்றாதீர்கள். குளிர்ந்ததும் குழாயின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் சோறு ஒட்டும், தைப்பொங்கலுக்கு முன்னால் பிளம்பரைக் கூப்பிடுவீர்கள். ஒரு தடவை சுட்டதை வடிகட்டி ஒரு வாரத்துக்குள் தாளிக்கவும் வதக்கவும் தீர்த்துவிடலாம், மறுபடி மறுபடி காயவைத்துச் சுடக்கூடாது. கறுத்துப் புகை வாடை அடித்தால் சமையலுக்கு ஆகாது, மரத்தூளிலோ சாம்பலிலோ ஊறவைத்துக் குப்பையில் போடுங்கள். அடுத்த வருஷம் சின்ன வாணலியில் சுடுங்கள். அகலச் சட்டிக்குத்தான் ஒன்றரை லிட்டர் மிஞ்சும், சின்னதில் கடைசி ஈடு முடியும்போது எண்ணெயும் முடிந்துவிடும். நேரம் கொஞ்சம் கூட ஆகும், பேச ஆள் இருந்தால் தெரியாது.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். பல் தேய்க்கும்போது குழாயை மூடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒரு வாளி மிச்சம் பிடித்தால் எங்கள் ஊர் ஊருணி நிரம்பிவிடுமா ஆச்சி?
(நாச்சியாபுரம் மாணவி)

பதில்: நிரம்பாது கண்ணு. உனக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை. குழாயை மூடு, அது வேறு, உன் வீட்டு மோட்டார் ஓடுகிற நேரம் குறையும், கிணற்றுக்கும் கரண்டுக்கும் நல்லது. ஆனால் ஊருணி நிரம்புவது மழையால், அந்த மழை ஊருணிக்கு வந்து சேர வழி இருந்தால்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, இருநூறு அடி தள்ளி ஊருணியோ பாதிகூட இல்லை. என்ன விஷயம் என்று நாலைந்து பேர் மண்வெட்டியோடு வரத்துக்காலை, அதாவது ஊருணிக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலைப் பார்க்கப் போனார்கள், நானும் கூடப் போனேன். ரோட்டுக்கு அடியில் போகிற குழாயின் வாயில் கேரி பை, தெர்மாகோல் தட்டு, பாட்டில், பிள்ளைகளுக்குக் கட்டுகிற டயாப்பர், எல்லாம் சேற்றோடு இறுகி ஒரு கதவு மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதில் எங்கள் வீட்டுக் காப்பித்தூள் கவரையும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். அரை நாளில் எடுத்துவிட்டார்கள், அடுத்த மழையில் தண்ணீர் சலசலவென்று உள்ளே போனது.

அதனால் உனக்கு ஒரு வேலை தருகிறேன், பல் தேய்ப்பதைவிடச் சுவாரசியமானது. உங்கள் ஊருணிக்கு எந்த வழியாகத் தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடி. வயதான யாரையாவது கேள், வரத்துக்கால் எது, நிறைந்தால் எங்கே வழிந்து எந்தக் கண்மாய்க்குப் போகும் என்று சொல்வார்கள். ஒரு நோட்டில் படம் போடு. எங்கெங்கே அடைத்திருக்கிறது, எங்கே வீடு கட்டிவிட்டார்கள் என்று குறித்துவை. ஊருணி என்றால் ஊர் குடிக்கிற தண்ணீர், அந்தக் காலத்தில் செருப்போடு படியில் இறங்க விடமாட்டார்கள், கால் கழுவ விடமாட்டார்கள், குளிக்க வேறு குளம். நீ தனியாகப் போகாதே, கூட ஒரு பெரியவரைக் கூட்டிப் போ, படிக்கட்டு வழுக்கும். படத்தை எனக்கு அனுப்பினால் இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.

கேள்வி: சமையலறைக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டுகிறது. சொட்டுத்தானே என்கிறார் வீட்டுக்காரர். பிளம்பரோ "சின்ன வேலை" என்று வரமாட்டேன் என்கிறார்.
(ஆ. தெக்கூர் வாசகி)

பதில்: இன்று ராத்திரி படுக்கும்போது அந்தக் குழாயடியில் ஒரு குடத்தை வைத்துவிடுங்கள், காலையில் வீட்டுக்காரரையே தூக்கச் சொல்லுங்கள். அரை மணிக்கு ஒரு தம்ளர், 200 மில்லி என்று வைத்தாலே நாளைக்கு ஒன்பதரை லிட்டருக்கு மேல், மூன்று மாதத்துக்கு என்ன ஆச்சு என்று அவரே பெருக்கிக்கொள்ளட்டும். பிளம்பர் வேண்டாம். பழைய திருகுக் குழாய் என்றால் உள்ளே இருக்கிற வாஷர்தான் தேய்ந்திருக்கும். மாடித் தொட்டியிலிருந்து வருகிற வால்வை முதலில் மூடுங்கள், இதை மறந்து நான் ஒரு தடவை அடுப்படி முழுக்கக் குளித்திருக்கிறேன். தலையைக் கழற்றினால் அடியில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். அதன் அளவெல்லாம் கேட்டுக் குழம்ப வேண்டாம், பழைய வாஷரையே கையில் எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள், அதே மாதிரி இரண்டாக வாங்கி, ஒன்றை மாட்டிவிட்டு இன்னொன்றை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிடுங்கள்.